அறுவை தாங்காத நோயாளிக்கு ஆல்டோஸ்டிரோன் சுரக்கும் அட்ரீனல் கட்டி: சிடி பார்த்து ஊசி போட்டு அழிக்கலாமா?

பொதுமருத்துவம்_தேனி கேட்டது:

வணக்கம். 58 வயது ஆண். 12 ஆண்டுகளாக பிபி. 3 ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், எக்கோவில் இஎஃப் (இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 35%. பீடிப் பழக்கத்தால் சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய்), எஃப்இவி1 (ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்று) இருக்கவேண்டிய அளவில் 38% தான். மருந்து நான்கு கொடுத்தும் பிபி 170/100-க்குக் கீழே வரவில்லை. டையூரெடிக்கை நிறுத்திய பிறகும் பொட்டாசியம் 2.9.

ஆல்டோஸ்டிரோன் (உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும் அட்ரீனல் ஹார்மோன்) டெசிலிட்டருக்கு 34 நானோகிராம். அதைத் தூண்டும் ரெனினின் ஆக்டிவிட்டி 0.2. விகிதம் 170 வருகிறது. சிடியில் வலது அட்ரீனலில் 19 மி.மீ. முடிச்சு, காண்ட்ராஸ்ட் போடாத படத்தில் 4 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சிடியின் அடர்த்தி அளவு). இடது அட்ரீனல் இயல்பாகத் தெரிகிறது. இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 48.

ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலேக்டோன் 50 மி.கி. கொடுத்ததில் மார்பு வீங்கி வலிக்கிறது என்று நிறுத்திவிட்டார். அதே வகை மருந்தான எப்ளரினோன் 50 மி.கி. இரண்டு வேளை போகிறது, பிபி 160-ல் நிற்கிறது. லேப்பராஸ்கோப்பி (துளை வழி அறுவை) என்றதும் மயக்க மருத்துவர், வயிற்றில் காற்று நிரப்பினால் இந்த இதயமும் நுரையீரலும் தாங்காது என்று சொல்லிவிட்டார்.

சிடி வழிகாட்டலில் எத்தனால் அல்லது அசிட்டிக் அமிலம் செலுத்திக் கட்டியை அழிக்கும் முறை இவருக்குப் பொருந்துமா? எது நல்லது, எவ்வளவு போடவேண்டும், மேசையில் என்ன ஆபத்து, பிறகு எதைக் கவனிக்கவேண்டும்? செய்தவர்களும் கூட இருந்து பார்த்தவர்களும் விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.


சுரப்பியியல்_கோவை:

டாக்டர், பொருந்தக்கூடிய நோயாளிதான். ஆனால் ஊசி எடுப்பதற்கு முன் மூன்று விஷயம் முடிவாக வேண்டும்.

முதலாவது, எந்தப் பக்கம் சுரக்கிறது என்பது. சிடியில் வலது பக்கம் முடிச்சு தெரிவதால் ஆல்டோஸ்டிரோனும் அங்கிருந்துதான் வருகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. 950 நோயாளிகளைத் திரட்டிப் பார்த்த 2009-ம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பில், சிடி அல்லது எம்ஆர்ஐ சொன்னதும் இரு அட்ரீனல் சிரைகளிலிருந்தும் எடுத்த ரத்த மாதிரி சொன்னதும் சுமார் 38% பேருக்கு ஒத்துப்போகவில்லை. 35 வயதுக்குக் கீழே, பொட்டாசியம் தானாகக் குறைந்து, ஆல்டோஸ்டிரோன் மிக அதிகமாக இருந்து, ஒரு பக்கம் மட்டும் தெளிவான கட்டி இருந்தால் சிரை மாதிரி எடுப்பதைத் தவிர்க்கலாம் என்று 2016-ம் ஆண்டு எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டுதல் விட்டுக்கொடுக்கிறது. 58 வயதுக்கு அந்தச் சலுகை கிடையாது. வயது ஏற ஏற ஹார்மோன் எதுவும் சுரக்காத முடிச்சுகள் அட்ரீனலில் சாதாரணமாக வரும். அப்படி ஒரு சும்மா இருக்கும் முடிச்சை எரித்துவிட்டு, சுரப்பது மறுபக்கத்தில் இருந்தால் நோயாளிக்கு ஆபத்து மட்டும்தான் மிச்சம்.

ஸ்பார்டகஸ் ஆய்வில் சிடியை வைத்து முடிவெடுத்தவர்களுக்கும் சிரை மாதிரியை வைத்து முடிவெடுத்தவர்களுக்கும் ஓராண்டு கழித்து மருந்துத் தேவையில் வித்தியாசம் இல்லை என்று 2016-ல் வந்ததை இங்கே யாராவது சொல்லக்கூடும். அது அறுவை, மருந்து இரண்டையும் சேர்த்துப் பார்த்த கணக்கு. உங்கள் நோயாளிக்குக் கிடைக்கப்போவது ஒரே ஒரு வாய்ப்பு. அதை ஊகத்தில் செலவழிக்காதீர்கள்.

சிரை மாதிரியில் சிக்கல் வருவது வலது பக்கத்தில்தான். வலது அட்ரீனல் சிரை மிகக் குட்டை. நேராக, இதயத்துக்குப் போகும் கீழ்ப் பெருஞ்சிரையின் பின்பக்கச் சுவரில் திறக்கும். பக்கத்திலேயே சிறு கல்லீரல் சிரைகளும் திறப்பதால் தவறான இடத்தில் ரத்தம் எடுத்துவிட்டு வருவார்கள். அட்ரீனலின் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசாலின் அளவை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம்: ஏசிடிஎச் (அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோன்) தூண்டல் கொடுத்திருந்தால் அட்ரீனல் சிரைக் கார்ட்டிசால் பெருஞ்சிரையில் இருப்பதைவிட 5 மடங்காவது இருக்கவேண்டும், தூண்டல் இல்லையென்றால் 2 மடங்கு. பிறகு ஆல்டோஸ்டிரோனைக் கார்ட்டிசாலால் வகுத்து இரு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். தூண்டலோடு 4 மடங்குக்கு மேல் என்றால் ஒருபக்க நோய். வலது சிரை கிடைக்கவே இல்லையென்றாலும் இடது பக்க விகிதம் பெருஞ்சிரை விகிதத்தில் பாதிக்கும் கீழே இருந்தால், இடது அடங்கிக் கிடக்கிறது, சுரப்பது வலது என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

மாதிரி எடுப்பதற்காக எப்ளரினோனை 4 முதல் 6 வாரம் நிறுத்தவேண்டும் என்று புத்தகம் சொல்லும். இஎஃப் 35% உள்ளவரிடம் அதை நிறுத்துவது எளிதல்ல. எப்ளரினோன் எடுக்கும்போதே ரெனின் அமுங்கியே இருந்தால் நிறுத்தாமல் மாதிரி எடுக்கலாம். நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் மாற்றாக வெராபமில் கொடுக்காதீர்கள், இந்த இதயத்துக்கு ஆகாது. ஹைட்ரலசின், நைட்ரேட், தேவைக்குப் பிரசோசின் போதும். உறுதிப்படுத்தும் சோதனை என்று 2 லிட்டர் சலைன் ஏற்றவும் வேண்டாம். பொட்டாசியம் தானாகக் குறைந்து, ரெனின் அமுங்கி, ஆல்டோஸ்டிரோன் 20-க்கு மேல் இருப்பவருக்கு அந்தச் சோதனையே தேவையில்லை.

இரண்டாவது, ஃபியோகுரோமோசைட்டோமா (அட்ரீனலின் வகை ஹார்மோன் சுரக்கும் கட்டி, சுருக்கமாக ஃபியோ) இல்லை என்பது. 4 ஹவுன்ஸ்ஃபீல்ட் என்றாலே அது கொழுப்பு நிறைந்த தீங்கற்ற அடினோமாதான், ஃபியோவாக இருக்க வாய்ப்பு இல்லை என்பது உண்மை. ஆனாலும் அட்ரீனலுக்குள் ஊசி போகிறது என்றால் ஃபியோவைக் கண்டுபிடிக்கும் பிளாஸ்மா மெட்டாநெஃப்ரின் ரத்தச் சோதனை ஒன்று கையில் இருக்கட்டும்.

மூன்றாவது, கார்ட்டிசால். இரவு 11 மணிக்கு டெக்ஸாமெதசோன் 1 மி.கி., காலை 8 மணிக்குக் கார்ட்டிசால். டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் இந்தக் கட்டி இரண்டு ஹார்மோனும் சுரக்கிறது என்று சந்தேகியுங்கள். அப்படியானால் சிரை மாதிரியில் கார்ட்டிசாலை வைத்துப் போடும் கணக்கே தடம்புரளும். கட்டி அழிந்த மறுநாள் நோயாளி அட்ரீனல் பற்றாக்குறையில் விழவும் கூடும்.


ஊசிமுனை_சென்னை (இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி):

மேடம் சொன்ன மூன்றும் முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு செய்முறைக்கு வருகிறேன்.

எத்தனாலை அடினோமாவுக்குள் செலுத்தியதை இத்தாலியக் குழு ஒன்று 1995-ல் வெளியிட்டது. அசிட்டிக் அமிலத்தை ஜப்பானியர்கள் 2003-ல் வெளியிட்டார்கள். இரண்டுமே கல்லீரல் புற்றுக்குப் போட்டுப் பழகிய வித்தையை அட்ரீனலுக்குக் கொண்டுவந்தவை. எண்ணிக்கை இரண்டிலும் சிறியது. ஆகவே இதை அறுவைக்குச் சமமான மாற்று என்று நோயாளியிடம் சொல்லக்கூடாது. அறுவை முடியாதவருக்கான வழி என்று சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஊசி போகும் பாதைதான் இங்கே பாதி வேலை. வழக்கமாகக் குப்புறப் படுக்கவைத்துப் பின்பக்கமாகப் போவோம். சிஓபிடி நோயாளிக்கு நுரையீரல் ஊதிப் பெருத்து உதரவிதானத்தைக் கீழே தள்ளியிருக்கும். பின்பக்க நுரையீரல் மடிப்பு 12-வது விலா எலும்பையும் தாண்டி இறங்கியிருக்கும். நேராகக் குத்தினால் நிமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுவது). எஃப்இவி1 38% உள்ளவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. இரண்டு வழி இருக்கிறது. கட்டி இருக்கும் பக்கம் கீழே வரும்படி, அதாவது இவரை வலது பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தால் அந்தப் பக்க நுரையீரல் சுருங்கி மடிப்பு மேலே போகும், பாதை திறக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் கல்லீரல் வழியாகப் போகலாம். வலது அட்ரீனல் கல்லீரலின் பின்னால் ஒட்டியிருப்பதால் அது வலப்பக்கத்துக்கு மட்டுமே உள்ள வசதி. இவருக்கு என் முதல் தேர்வு கல்லீரல் வழிதான்.

ரத்தம் உறைதல்: ஐஎன்ஆர் 1.5-க்குள், தட்டணுக்கள் 50,000-க்கு மேல். ஸ்டென்டுக்குக் கிளாப்பிடோகிரெல் எடுத்தால் 5 நாள் முன்பே நிறுத்தவேண்டும், இதய மருத்துவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு.

ஊசி 21 அல்லது 22 கேஜ் சிபா, 15 செ.மீ., பருத்த உடம்புக்கு 20 செ.மீ. நுனி மூடி பக்கவாட்டில் மூன்று துளை உள்ள எத்தனால் ஊசி கிடைத்தால் நல்லது, மருந்து சுற்றிலும் பரவும். சாதாரண ஊசி நேர் முன்னால் பீய்ச்சும். முன்னால் இருப்பது பெருஞ்சிரை என்பதை மறக்கக்கூடாது.

எத்தனால் 95 முதல் 99.5%, மருத்துவத்துக்கென வரும் ஸ்டெரைல் ஆம்பூல் மட்டும். லேபில் இருக்கும் அப்சல்யூட் ஆல்கஹாலைத் தொடவே கூடாது. அதில் பென்சீன், மெத்தனால் போன்றவை கலந்திருக்கலாம், ஸ்டெரைலும் கிடையாது. எத்தனால் சிடியில் கொழுப்பைப்போலக் கறுப்பாகத்தான் தெரியும். அட்ரீனலைச் சுற்றியும் கொழுப்பு, இந்த அடினோமாவுக்குள்ளும் கொழுப்பு. அப்படியே செலுத்தினால் எங்கே போனது என்றே தெரியாது. ஆகவே 9 பங்கு எத்தனாலுக்கு 1 பங்கு நான்-அயானிக் காண்ட்ராஸ்ட் கலந்துவிடுங்கள், வெள்ளையாகத் தெரியும். அதற்கு மேல் காண்ட்ராஸ்ட் கலந்தால் எத்தனாலின் வீரியம் குறையும்.

சிறிய விஷயம், ஆனால் மேசையில் எல்லாரையும் திணறவைப்பது: த்ரீ-வே, அதாவது சிரிஞ்சுக்கும் ஊசிக்கும் நடுவே மாட்டும் மூவழி இணைப்பு. பாலிகார்பனேட்டில் செய்த த்ரீ-வேயும் கனெக்டரும் எத்தனால் பட்டால் நுண்விரிசல் விட்டு, அழுத்தும்போது ஒழுகும். மருந்து நோயாளிக்குள் போகாமல் கையுறையில் வழியும், எவ்வளவு போனது என்ற கணக்கு தப்பிவிடும். பாலிபுரொப்பிலீன் 1 அல்லது 2 மி.லி. லூயர்-லாக் சிரிஞ்சை நேராக ஊசியில் மாட்டுங்கள், அல்லது கண்ணாடி சிரிஞ்ச். இணைப்புக் குழாயும் குட்டையாக இருக்கட்டும்.

செலுத்தும் விதம்: நுனி கட்டியின் ஆழமான ஓரத்தில், சுவரைத் தாண்டாமல். உறிஞ்சிப் பார்த்து ரத்தம் வரவில்லை என்றால் நீர்த்த காண்ட்ராஸ்ட் 0.3 மி.லி. செலுத்தி ஒரு சிடி. அது கட்டிக்குள் மேகம்போல் தேங்கினால் தொடரலாம். பெருஞ்சிரைக்குள் கோடுபோல ஓடினாலோ வெளிக் கொழுப்பில் வழிந்தாலோ நுனியை மாற்றுங்கள். பிறகு எத்தனால் 0.2 மி.லி. வீதம் மெதுவாக, ஒவ்வொரு 0.5 மி.லி.க்கும் ஒரு சிடி. ஊசியை 5 மி.மீ. பின்னுக்கு இழுத்து அடுத்த பகுதி. முடித்ததும் உடனே உருவக்கூடாது. இரண்டு நிமிடம் காத்திருந்து, அழுத்தம் தணிந்தபின் ஸ்டைலட்டை (ஊசியின் உள்கம்பி) போட்டு எடுக்கவேண்டும். இல்லையென்றால் பாதை முழுக்க எத்தனால் ஒழுகி, கல்லீரல் உறையில் பட்டு, தோள்வரை வலிக்கும்.

எவ்வளவு என்பதற்குக் கல்லீரல் கணக்கை இங்கே அப்படியே கொண்டுவராதீர்கள். கல்லீரலில் ஆரத்தோடு அரை செ.மீ. கூட்டிக் கன அளவு போடுவார்கள். அந்தக் கணக்கில் 19 மி.மீ. கட்டிக்கு 12.8 மி.லி. வரும். கல்லீரலில் கட்டியைச் சுற்றி இருப்பது கல்லீரல், வழிந்தாலும் தாங்கும். இங்கே சுற்றி இருப்பது பெருஞ்சிரை, உதரவிதானம், சீலியாக் நரம்புப் பின்னல். கட்டியின் சொந்தக் கன அளவு 3.6 மி.லி. தான். ஒரு அமர்வுக்கு 3 முதல் 4 மி.லி.யில் நிறுத்தி, போதவில்லை என்றால் மறுபடி வருவது பாதுகாப்பு.

செஃபோபெராசோன் போன்ற ஆன்டிபயாட்டிக் எதுவும் அன்று கொடுக்கவேண்டாம். அதோடு எத்தனால் சேர்ந்தால் முகம் சிவந்து, வாந்தி, பிபி சரிவு எல்லாம் வரும். இங்கே அந்த மருந்து வார்டில் தாராளமாகப் புழங்குவதால் சொல்கிறேன்.


மயக்கவியல்_மதுரை:

ஆபத்து எங்கே என்று டாக்டர் கேட்டதற்கு: நோயாளியை இழக்க நேர்ந்தால் அது பெரும்பாலும் பிபி எகிறும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான்.

கட்டி ஆல்டோஸ்டிரோன் சுரப்பதுதான், ஃபியோ இல்லை, பிறகு ஏன் பிபி எகிற வேண்டும் என்று பலர் கேட்பார்கள். அடினோமாவுக்குப் பக்கத்திலேயே இயல்பான அட்ரீனல் இருக்கிறது, அதன் நடுவில் மெடுல்லா என்ற உள்பகுதி. எத்தனால் அங்கே வழிந்து செல்லைச் சிதைத்தால் சேமித்துவைத்த கேட்டகோலமின் (அட்ரீனலின் வகை ஹார்மோன்) மொத்தமாக ரத்தத்தில் கொட்டும். ரேடியோ அலையில் எரித்தாலும் இதுவேதான். உறையவைத்து அழிக்கும் முறையில் உருகும் நேரத்தில் வரும். சிஸ்டாலிக் 130-ல் இருந்து 250-க்கு ஒரு நிமிடத்துக்குள் போகலாம். கையில் கட்டும் கஃப் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் இது முழுவதையும் தவறவிடும். ஆகவே ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் வைத்து பிபியை இடைவிடாமல் காட்டும் குழாய்) இல்லாமல் தொடங்கவே கூடாது.

இந்த நோயாளிக்குத் தனியாக ஒரு சிக்கல். இதயச் செயலிழப்புக்காகப் பீட்டா பிளாக்கர் எடுத்துக்கொண்டிருப்பார், பைசோப்ரோலால் அல்லது மெட்டோப்ரோலால். ஆல்ஃபா மறிக்கப்படாமல் பீட்டா மட்டும் மறிக்கப்பட்ட உடம்பில் கேட்டகோலமின் கொட்டினால் ரத்தக் குழாய் எல்லாம் இறுகும், பலவீனமான இதயம் அந்தச் சுமைக்கு எதிராக அடிக்க முடியாமல் நுரையீரலில் நீர் கோக்கும். அதற்காகப் பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஸ்டென்ட் உள்ளவருக்கு அது வேறு ஆபத்து. ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஆல்ஃபாவை மறிக்கும் பிரசோசின் சிறிய அளவில், முதல் மாத்திரை இரவில் படுத்தபின், தொடங்கி ஏற்றிக்கொண்டு வரலாம். எழுந்து நிற்கும்போது பிபி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்து.

பொட்டாசியம் 2.9-ல் மேசைக்கு ஏற்றாதீர்கள். 4-க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். கேட்டகோலமினே பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். 2.9-ல் இருந்து அது இன்னும் இறங்கினால் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா.

மேசையில் சிரிஞ்சில் ஏற்றி, லேபிள் ஒட்டி, பம்ப்பில் மாட்டி வைத்திருக்கவேண்டியவை: நைட்ரோகிளிசரின், நைட்ரோபுருசைடு (கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.5 மைக்ரோகிராமில் தொடங்கி), எஸ்மோலால். ஃபென்டோலமின் கிடைத்தால் 2 முதல் 5 மி.கி. போலஸ், அதுதான் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். ஆனால் எல்லா மருந்தகத்திலும் இருக்காது, முந்தின வாரமே கேட்டு வையுங்கள். வரிசை முக்கியம்: முதலில் ரத்தக் குழாயை விரிக்கும் மருந்து, இதயத் துடிப்பு ஏறினால் மட்டும் அதன்பிறகு எஸ்மோலால், அதுவும் இந்த இஎஃப்-க்குக் குறைவாக. லேபெட்டலால் வேண்டாம். சிரை வழியே கொடுக்கும்போது அதில் ஆல்ஃபாவைவிடப் பீட்டா மறிப்பு சுமார் ஏழு மடங்கு. சிஓபிடி நோயாளிக்கு மூச்சுக்குழலும் இறுகும்.

சிஸ்டாலிக் 180-ஐத் தாண்டினால் ஊசி போடுபவர் கையை எடுக்கவேண்டும் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் அரை மி.லி.தான்" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது. கேட்டகோலமின் சீக்கிரம் கரைந்துவிடும், சில நிமிடத்தில் பிபி தானாக இறங்கும். அப்போது நைட்ரோபுருசைடு ஓடிக்கொண்டே இருந்தால் 70-க்குப் போய்விடும். ஏறும்போது பார்ப்பதைவிட இறங்கும்போது பம்ப்பைக் கூர்ந்து பார்க்கவேண்டும்.

முழு மயக்கம் தேவையில்லை. லிக்னோகெயின், ஃபென்டனில் 25 மைக்ரோகிராம் வீதம், லேசான தூக்கம் போதும். சொன்னால் மூச்சை ஒரே அளவில் பிடிக்கும்படி வார்டிலேயே பழக்கிவிட்டால் ரேடியாலஜிக்காரர்களுக்கு வேலை பாதியாகும். இரவு ஐசியூ, இசிஜி, டிரோபோனின்.


பொதுமருத்துவம்_தேனி:

மிக்க நன்றி சார், மேடம். சிரை மாதிரிக்கு ஏற்பாடு செய்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. அசிட்டிக் அமிலம் எத்தனாலைவிட நன்றாகப் பரவும் என்கிறார்களே, அதையே எடுத்துக்கொள்ளலாமா? ஆர்எஃப் அபிலேஷன் (ரேடியோ அலையின் வெப்பத்தால் எரிப்பது) இருக்கும்போது ஊசி மருந்து எதற்கு என்றும் ஒருவர் கேட்டார்.


ஊசிமுனை_சென்னை:

பரவும் என்பது உண்மை. கல்லீரல் கட்டிக்குள் இருக்கும் நார்த் தடுப்புகளை எத்தனால் தாண்டாது, அசிட்டிக் அமிலம் கொலாஜனைக் கரைத்துத் தாண்டும். அதனால் அளவும் குறைவு, கல்லீரலில் எத்தனாலின் மூன்றில் ஒரு பங்கு 50% அமிலம் போதும் என்று பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் இந்தக் கட்டிக்கு 1 முதல் 1.5 மி.லி.

ஆனால் அந்த நல்ல குணமே அட்ரீனலில் எதிராகத் திரும்பும். அட்ரீனல் அடினோமாவின் உறை மெல்லியது, உள்ளே மென்மையான கொழுப்புச் செல்கள், கெட்டியான நார்த் தடுப்பு பெரிதாகக் கிடையாது. தாண்டவேண்டிய சுவர் இல்லாத இடத்தில் சுவரைக் கரைக்கும் மருந்தால் என்ன லாபம்? வெளியே கசிந்தால் சேதம் அதிகம். அளவு கூடி ரத்தத்தில் கலந்தால் ரத்த அணு சிதைந்து சிறுநீரகம் பாதிக்கும், ரத்தம் அமிலமாகும். இஜிஎஃப்ஆர் 48 உள்ளவருக்கு இது யோசிக்கவேண்டிய விஷயம். 1 மி.லி.யில் அந்த அளவுக்குப் போகாது என்றாலும் இரண்டாவது, மூன்றாவது அமர்வு என்று போனால் கணக்கில் வைக்கவேண்டும்.

தயாரிப்பும் ஒரு தடை. 50% அசிட்டிக் அமிலம் ஊசி மருந்தாக ஆம்பூலில் வருவதில்லை. கிளேசியல் அமிலத்தை ஸ்டெரைல் நீரில் சரிபாதி கலந்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, மருந்தகத்தின் பொறுப்பில் லேபிள் ஒட்டி வரவேண்டும். கலக்காத அமிலமும் கலந்த அமிலமும் ஒரே மாதிரி நிறமற்றிருக்கும், வாசனையை வைத்தும் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே தட்டில் இருக்கவே கூடாது. இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் எத்தனாலே மேல்.

எத்தனாலின் குறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: எங்கே போகும் என்று உறுதி சொல்ல முடியாது. வெடித்த வயலில் பாய்ச்சிய தண்ணீர் வெடிப்பைத் தேடி ஓடுவதுபோல, திசுவில் எளிதான வழி எதுவோ அதில் ஓடும். அதனால் கட்டியின் ஒரு ஓரம் உயிரோடு தங்கிவிடும். ஒரே ஊசியில் எல்லாவற்றையும் போடாமல் இரண்டு மூன்று கோணத்தில் குத்துவது அதற்காகத்தான்.


ஆர்எஃப்_திருச்சி:

இந்த இடத்தில் சாரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. ஆர்எஃப் கருவி இருக்கும் ஊரில் 19 மி.மீ. கட்டிக்கு ஊசி மருந்தை முதலில் எடுப்பதற்குக் காரணம் இல்லை. வெப்பம் எவ்வளவு தூரம் போகும் என்று எலக்ட்ரோடின் நீளத்தை வைத்து முன்கூட்டியே சொல்லலாம், வழிந்து ஓடாது. 2 செ.மீ. முனை உள்ள குளிரூட்டிய எலக்ட்ரோடு ஒன்றே பெரும்பாலும் போதும். பிபி எகிறினால் ஸ்விட்சை அணைத்த கணமே வெப்பம் நிற்கும், எத்தனாலைத் திரும்ப உறிஞ்ச முடியாது. இஎஃப் 35% உள்ளவருக்கு அது ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

கவனிக்கவேண்டியவை இரண்டு. வலது பக்கம் பெருஞ்சிரையில் ஓடும் ரத்தம் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகும், அதை ஒட்டிய ஓரம் வேகாமல் தங்கலாம். பக்கத்து உறுப்பைத் தள்ளி வைக்க நீர் செலுத்தும்போது சலைன் போடக்கூடாது, அது மின்சாரத்தைக் கடத்தும். 5% டெக்ஸ்ட்ரோஸ் போடுங்கள். பெருஞ்சிரையை ஒட்டித் தங்கிய அந்த ஓரத்துக்கு மட்டும் பிறகு எத்தனால் அரை மி.லி. போடலாம். ஊசி மருந்துக்கு இன்றைக்கு நான் ஒதுக்கும் இடம் அதுதான், கூடவே எலக்ட்ரோடு வாங்க முடியாத இடமும்.

பிரிட்டனில் வயிற்றுக்குள் எண்டோஸ்கோப் விட்டு அல்ட்ராசவுண்ட் பார்த்து ஆர்எஃப் செய்த ஃபேபுலாஸ் ஆய்வு 2025-ல் லான்செட்டில் வந்தது, 28 பேர். நோயாளிகள் இதைப் படித்துவிட்டுக் கேட்பார்கள். அது இடது அட்ரீனலுக்கு மட்டும். இரைப்பைக்குப் பின்னாலேயே இடது அட்ரீனல் இருப்பதால் எட்டும். இவருடையது வலது.


ஊசிமுனை_சென்னை:

கருவியும் எலக்ட்ரோடுக்குப் பணமும் இருந்தால் நீங்கள் சொல்வது சரி சார், அதில் மாற்றுக் கருத்து இல்லை. எலக்ட்ரோடு ஒருமுறைதான் பயன்படும், விலை எத்தனால் ஆம்பூலோடு ஒப்பிடவே முடியாது. கேள்வி கேட்டவரின் நோயாளி எந்த மருத்துவமனைக்குப் போக முடியும் என்பதைப் பொறுத்தது. சிடி இருக்கும் எந்த இடத்திலும் எத்தனால் செய்யலாம், மயக்கவியல் சார் சொன்ன ஏற்பாடு அங்கே இருந்தால்.


சுரப்பியியல்_கோவை:

பின்கவனிப்பு விட்டுப்போனது, அதை எழுதுகிறேன். இங்கேதான் மருந்துச் சீட்டில் தவறு நடக்கும்.

ஊசி போட்ட அன்றே பொட்டாசியம் சிரப்பையும் எப்ளரினோனையும் நிறுத்துங்கள். மறுபக்க அட்ரீனல் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக் கிடந்திருக்கும், உடனே விழித்துக்கொள்ளாது. கட்டி அழிந்ததும் உடம்பில் ஆல்டோஸ்டிரோனே இல்லாத நிலை வரும். பழைய சீட்டு அப்படியே தொடர்ந்தால் ஒரு வாரத்தில் பொட்டாசியம் 6-ஐத் தாண்டும். இஜிஎஃப்ஆர் 48, கூடவே ஏசிஇ தடுப்பானோ ஏஆர்பியோ இருந்தால் இன்னும் வேகமாக. பொட்டாசியமும் கிரியாட்டினினும் மறுநாள், 3-ம் நாள், 7-ம் நாள், பிறகு 4 வாரம் வரை வாரம் ஒருமுறை. உப்பைக் கடுமையாகக் குறைக்கச் சொல்லாதீர்கள், இதயம் தாங்கும் அளவில் சாதாரணச் சாப்பாடு. பொட்டாசியம் இறங்கவே மறுத்தால் ஃபுளூட்ரோகார்ட்டிசோன் 0.05 மி.கி. கொடுப்பது வழக்கம். ஆனால் இவருக்கு அது நீரைத் தேக்கும், முதலில் பொட்டாசியம் பிணைக்கும் மருந்தை முயலுங்கள்.

கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். ஆல்டோஸ்டிரோன் சிறுநீரகத்தை மிகையாக வடிகட்டவைத்து உண்மைப் பாதிப்பை மறைத்திருக்கும், அது இப்போது வெளியே தெரிகிறது. சிகிச்சையால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று குடும்பத்தார் நினைக்காமல் இருக்க, ஊசிக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

எப்ளரினோனை நிரந்தரமாக நிறுத்திவிடவும் கூடாது. மாரடைப்புக்குப் பிறகு இஎஃப் 35% உள்ளவருக்கு ஆல்டோஸ்டிரோன் கட்டி இல்லாவிட்டாலும் அந்த மருந்து தேவை. பொட்டாசியம் 5-க்குக் கீழே நிலைத்ததும் 25 மி.கி.யில் மறுபடி தொடங்குங்கள். ஒன்று மட்டும்: ஆல்டோஸ்டிரோனும் ரெனினும் பார்க்கவேண்டிய ரத்தத்தை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். எப்ளரினோன் உள்ளே போனபின் அந்த எண்களை வைத்து உறுதியாகச் சொல்வது கடினம்.

டெக்ஸாமெதசோன் சோதனை 1.8-க்கு மேல் வந்திருந்தால் ஊசி அன்று ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. சிரை வழியே, பிறகு வாய்வழி 15 முதல் 20 மி.கி., காலைக் கார்ட்டிசால் தேறும்வரை. குமட்டல், சோர்வு, பிபி சரிவு மூன்றும் சேர்ந்து வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள்.

பலன் கிடைத்ததா என்பதைக் கட்டியின் அளவை வைத்துப் பார்க்காதீர்கள். முதல் வாரம் வீக்கத்தால் பெரிதாகவே தெரியும். காண்ட்ராஸ்ட் போட்டதில் எந்த ஓரம் இன்னும் நிறம் பிடிக்கிறது என்று பாருங்கள், ஆனால் முடிவைச் சொல்வது ரத்தம்தான். காண்ட்ராஸ்ட் என்பதால் அன்றைய கிரியாட்டினினைப் பார்த்துவிட்டு. 4 முதல் 6 வாரத்தில் ஆல்டோஸ்டிரோன் 34-லிருந்து 10-க்குக் கீழே வந்து பொட்டாசியமும் மாத்திரையின்றி நின்றால் நல்லது. இறங்கிவிட்டு 3-ம் மாதம் மறுபடி ஏறினால் ஓரம் ஒன்று உயிரோடு இருக்கிறது, இரண்டாவது அமர்வு அப்போது. இறுதிக் கணக்கை 6 முதல் 12 மாதத்தில் பாருங்கள்.

பிபியைப் பற்றி நோயாளிக்குப் பெரிய நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள் டாக்டர். அட்ரீனலையே முழுசாக எடுத்த 705 பேரைப் பார்த்த 2017-ம் ஆண்டு பாசோ ஆய்வில் ஹார்மோன் 94% பேருக்குச் சரியானது. மாத்திரையே இல்லாமல் பிபி சரியானவர்கள் 37% மட்டும். ஆண், 12 ஆண்டு பிபி, நான்கு மருந்து, குறைந்த இஜிஎஃப்ஆர் எல்லாம் அந்த 37-க்கு எதிரான பக்கம். இவருக்கு எதிர்பார்க்கக்கூடியது நான்கு மாத்திரை இரண்டாவது, பொட்டாசியம் நிலைப்பது, இதயத்தின் சுமை இறங்குவது.

சிரை மாதிரி ரிப்போர்ட் வந்ததும் மூன்று இடத்தின் கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன் எண்களையும் இங்கே போடுங்கள். விகிதத்தை மட்டும் போடாதீர்கள், வலது சிரை சரியாகக் கிடைத்ததா என்பதை எண்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.